அவன் என் பக்கம் குதித்த நாள்

கச்சேரிப் படம் எடுக்கும் நீங்கள் ஒன்பது பேரும் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்த அன்றே ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். அந்தப் படத்தை எந்த லென்ஸில் எடுத்தீர்கள் அக்கா, ஷட்டர் வேகம் எவ்வளவு வைத்தீர்கள் அக்கா. லென்ஸைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லப்போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உங்கள் குழுவின் முகப்பில் வைத்திருக்கிறீர்களே, பாடகன் அந்தரத்தில் நிற்கும் அந்தப் படம், அதை எடுத்த அடுத்த நொடியில் என்ன நடந்தது என்று மட்டும் உங்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்றைக்கு நான் சொல்லியிருக்க மாட்டேன். அந்த அடுத்த நொடியை நான் பார்க்கவே இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பொறாமைக்காரி. இந்தத் தொழிலில் ஓய்வு பெற்றவர்கள் உங்களிடம் பேச வந்தால் ஆர்வம், உழைப்பு, பொறுமை என்றெல்லாம் சொல்வார்கள். எனக்குச் சோறு போட்டதில் பாதி பொறாமைதான். இன்னொருவர் நல்ல படம் எடுத்தால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. மறுநாள் அதைவிட நல்ல படம் எடுக்கிறவரை வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேச மாட்டேன். இருபத்தாறு வருஷம் மைசூரில் ராக் பாடுகிறவர்களையும் கிட்டார் வாசிக்கிறவர்களையும் படம் எடுத்திருக்கிறேன் என்றால், அதில் பத்து வருஷமாவது வயிற்றெரிச்சலிலேயே ஓடியிருக்கும். நான் அதிகம் வயிறெரிந்தது சைத்ராவைப் பார்த்துத்தான், அவளும் இந்தக் குழுவில் இருக்கிறாள் என்று தெரியும். படிக்கட்டும். அவளிடம் நேரில் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

நான் கர்நாடக எல்லையோரம், தமிழ் பேசுகிற ஹனூர்ப் பக்கத்துக்காரி. அப்பாவுக்கு இங்கே தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் மைசூருக்கு வந்தோம். கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டூடியோ ஒன்றில்தான் நான் கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு கல்லூரி விழாவில் ராக் நிகழ்ச்சியைப் படம் எடுக்கக் கேட்டார்கள். காது போய்விடும் என்று ஸ்டூடியோவில் ஆண்கள் யாரும் போகவில்லை. என்னை அனுப்பினார்கள். அன்றைக்கு என் காது போனது உண்மைதான். ஆனால் ஒருவன் கிட்டாரை அணைத்துக்கொண்டு, உலகத்தில் வேறு யாரும் இல்லை என்பது போல வாசித்ததைப் பார்த்த பிறகு, தாலி கட்டும்போது இப்படிப் பாருங்கள் அப்படிப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்க எனக்கு மனசு வரவில்லை.

நான் சொல்லவந்தது நான்கு பையன்கள் சேர்ந்து நடத்திய ஒரு ராக் குழுவைப் பற்றி. குழுவின் பெயரை எழுதப்போவதில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும். பாடுகிறவன் பிரதாப். அவனும் ஹனூர்ப் பக்கம்தான், அப்பா அம்மா மக்காச்சோளமும் மஞ்சளும் போடுகிறவர்கள். பகலில் கணினி நிறுவனத்தில் வேலை, சனி ஞாயிறு ஒரு பழைய ஊதுபத்திக் கிடங்கில் பயிற்சி. பத்தொன்பது வயதில் அவனை முதலில் படம் எடுத்தவள் நான். அந்தக் கிடங்கின் சந்தன வாசம் என் கேமராப் பையிலிருந்து கடைசிவரை போகவில்லை. மற்ற மூவரும் கன்னடத்தில்தான் பேசுவார்கள், பாட்டும் கன்னடத்தில்தான். பிரதாப் என்னிடம் மட்டும் எங்கள் ஊர்த் தமிழில் பேசுவான். அது எனக்கு எவ்வளவு பெருமை என்று அவனுக்குத் தெரியாது. நானும் காட்டிக்கொள்ள மாட்டேன்.

மேடைக்கு முன்னால் நின்று படம் எடுக்க நமக்கு முதல் மூன்று பாட்டுதான். மூன்றாவது முடிந்ததும் காவலுக்கு நிற்பவர் வந்து எல்லோரையும் ஆட்டுமந்தை மாதிரி வெளியே அனுப்பிவிடுவார். பிரதாப் ஆரம்பத்தில் கடைசிப் பாட்டில்தான் குதிப்பான். டிரம்ஸ் வைத்திருக்கும் உயரமான பலகைமேல் ஏறி, அங்கிருந்து காலை மடக்கி மேடையில் குதிப்பான். கூட்டம் அலறும். நான் அப்போது வெளியே, யாருடைய முதுகுக்கோ பின்னால் எம்பிக்கொண்டு நிற்பேன். ஒரு நாள் அதைச் சொல்லி அவனிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அடுத்த நிகழ்ச்சியில் குதிப்பை இரண்டாவது பாட்டுக்கு மாற்றிவிட்டான். அதோடு, நான் எப்போதும் நிற்கிற அவனுடைய வலது கைப்பக்கமாகத் திரும்பிக் குதித்தான். எதற்காக என்று மற்ற மூன்று பேரும் கேட்டதற்கு, அக்காவுக்குப் படம் வேண்டுமல்லவா என்றானாம். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எட்டு வருஷம் அவன் எனக்காகக் குதித்தான். எட்டு வருஷமும் நான் படம் எடுத்தேன், ஆனாலும் நினைத்த படம் விழவில்லை. கை ஆடியிருக்கும், இல்லையென்றால் மைக் முகத்தை மறைத்திருக்கும்.

அப்போதுதான் சைத்ரா வந்தாள். என்னைவிடப் பதினான்கு வயது இளையவள், பத்திரிகைப் படிப்புப் படித்தவள், மைசூர்ப் பெண். அவளிடம் குறை சொல்ல எதுவும் கிடையாது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முன்னால் நின்று எடுத்தால் எடுத்ததும் மண்டியிட்டு உட்கார்ந்து பின்னால் இருப்பவருக்கு வழி விடுவாள். என்னைக் கண்டால் எழுந்து வணக்கம் சொல்வாள். தன் படங்களைக் காட்டி, எங்கே தப்பு அக்கா என்று கேட்பாள். நான் இருக்கிற தப்பை விட்டுவிட்டு இல்லாத தப்பாகச் சொல்லி அனுப்புவேன். ஒரு நாள் பயிற்சி முடிந்து எல்லோரும் கிடங்கு வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, அவள் பிரதாப்பிடம் தட்டுத்தடுமாறித் தமிழில், "சாப்டியா?" என்று கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே இன்னும் நான்கு வார்த்தை சொல்லிக்கொடுத்தான். எனக்கு அந்தக் காபி கசந்துவிட்டது. தமிழாவது எனக்கென்று இருக்கட்டும் என்று நினைத்திருந்தேன், அதற்கும் பங்கு கேட்டு வந்துவிட்டாளே என்று வயிறு எரிந்தது. ஒரு மொழியில் பேசப் பழகுகிற பெண்ணைப் பார்த்துப் பொறாமைப்படுகிற அளவுக்கு என் புத்தி போயிருந்தது, பாருங்கள்.

அடுத்து நடந்ததுதான் விஷயம். அவள் வந்து ஏழெட்டு மாதம் இருக்கும். ஒரு நிகழ்ச்சியில் இரண்டாவது பாட்டு, பிரதாப் பலகைமேல் ஏறினான், நான் கேமராவைக் கண்ணில் வைத்துக் காத்திருந்தேன். அவன் இடது பக்கம் திரும்பிக் குதித்தான். எனக்குக் கிடைத்தது அவன் முதுகு. இடது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது சைத்ரா.

ஏதோ தவறுதலாகத் திரும்பிவிட்டான் என்று முதல் தடவை விட்டுவிட்டேன். அடுத்த நிகழ்ச்சியிலும் அந்தப் பக்கம்தான். அதற்கடுத்ததிலும் அந்தப் பக்கம்தான். மூன்று தடவையும் எனக்கு முதுகு. ஏன் என்று அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால், சைத்ராவுக்காக என்று சொல்லிவிடுவான் என்று பயம். கேட்காமலே பதிலை நானாக முடிவு செய்துகொண்டு, மூன்று மாதம் அதை மென்றுகொண்டிருந்தேன். வீட்டில் கணவர் என்னிடம் உப்பு குறைவு என்று சொன்னதற்கு, பிடிக்காவிட்டால் வேறு யாரையாவது சமைத்துப் போடச் சொல்லுங்கள் என்று எரிந்து விழுந்தேன். அவர் பாவம், எதுவும் புரியாமல் உப்புப் போட்டுக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் வடகிழக்கில் ஒரு மலை ஊரில் நடக்கும் பெரிய ராக் விழாவுக்கு இவர்களுக்கு அழைப்பு வந்தது. தெற்கிலிருந்து அங்கே மேடை ஏறுவது என்றால் சும்மா இல்லை. நான்கு பையன்களுக்கும் தலைகால் புரியவில்லை. குழுவோடு ஒரே ஒரு புகைப்படக்காரரை அழைத்து வரலாம், அங்கே அவருக்கு மூன்று பாட்டுக் கட்டுப்பாடு கிடையாது, கடைசிவரை மேடையிலேயே நிற்கலாம் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. கழுத்து எலும்பு தேய ஆரம்பித்திருந்தது. அதுவரை கர்நாடகத்தைத் தாண்டி ஒரு மேடையை நான் படம் எடுத்ததில்லை. அந்த ஒரு இடம் எனக்கு வேண்டும், அவ்வளவுதான். அது கிடைக்காமல் இந்தத் தொழிலை விட்டுப்போனால் செத்தாலும் என் மனசு ஆறாது என்று நினைத்தேன். யாரை அழைத்துப்போவது என்று, அடுத்து நடக்கவிருந்த கல்லூரி விழா நிகழ்ச்சி முடிந்ததும் சொல்வதாக டிரம்ஸ் வாசிக்கும் வினய் எங்கள் இருவரிடமும் சொன்னான். அந்தக் குழுவின் வரவு, பயணம், கடிதம் எல்லாம் அவன்தான் பார்ப்பான். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அன்றைக்கு அந்தக் குதிப்பு யார் கேமராவில் விழுகிறதோ அவளுக்குத்தான் அந்த இடம் என்று முடிவுகட்டிவிட்டேன்.

அன்று மதியம் மூன்று மணிக்கு ஒலியைச் சரிபார்க்க எல்லோரும் மைதானத்துக்கு வந்தார்கள். சைத்ரா இன்னும் வரவில்லை. பிரதாப் மேடை ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது, இப்போது நினைத்தால். ஆனால் அப்போது மிகச் சாதாரணமாகத்தான் சொன்னேன்.

"பிரதாப், உன் இடது பக்கத்து லைட்டு இன்னிக்குச் சரியில்லையாம். லைட்டுக்காரர் சொன்னாரு. அந்தப் பக்கம் திரும்புனா மூஞ்சி இருட்டாத்தான் விழும். நீ பழையபடி என் பக்கமே குதிச்சுரு."

அவன் தண்ணீர்ப் பாட்டிலைக் கீழே வைத்தான். "ஹௌதா?" என்றான், அப்படியா என்று. பிறகு, "சரிங்க்கா" என்றான்.

லைட்டுக்காரர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கு அவரிடம் நான் பேசவே இல்லை.

ஆறு மணிக்கு நிகழ்ச்சி ஆரம்பித்தது. மேற்கே இன்னும் வெளுப்பு இருந்தது, மேடை விளக்குகள் அப்போதுதான் எடுபடத் தொடங்கியிருந்தன. இரண்டாவது பாட்டு. அவன் பலகைமேல் ஏறினான், என் பக்கம் திரும்பினான், குதித்தான். நான் அழுத்தினேன். கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இதுதான் என்று. உடனே குனிந்து பின்னால் இருக்கும் திரையைப் பார்த்தேன்.

பிலிம் காலத்தில் இந்தக் கெட்ட பழக்கம் எனக்கு இல்லை. பார்க்கத் திரை இருந்தால்தானே. எடுத்தபின்னும் கண் மேடைமேலேயே இருக்கும். டிஜிட்டல் வந்தபிறகு நாம் எல்லோரும் ஒரு படம் எடுத்ததும் கோழி கொத்துகிற மாதிரி தலையைக் குனிகிறோம். அன்றைக்கு நானும் குனிந்தேன். திரையில் அவன் பறந்துகொண்டிருந்தான். இரண்டு காலும் மடங்கி, முடி ஒரு பக்கமாக எழும்பி, மைக் கம்பி வளைந்து, பின்னால் வினய் வாயைப் பிளந்துகொண்டு. எட்டு வருஷம் தப்பித் தப்பிப் போன படம். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அதைப் பெரிதாக்கி அவன் கண் தெளிவாக விழுந்திருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். பிறகுதான் பாட்டு நின்றுவிட்டது காதில் விழுந்தது.

நிமிர்ந்தபோது பிரதாப் மேடையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தான். வலது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். சைத்ரா கேமராவைக் கீழே போட்டுவிட்டு அதற்குள் மேடைமேல் ஏறியிருந்தாள். அவன் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, நாற்காலி கொண்டுவாருங்கள், காலை அசைக்காதீர்கள், வண்டியைக் கூப்பிடுங்கள் என்று கன்னடத்தில் கத்திக்கொண்டிருந்தாள். நான் இருந்த இடத்திலேயே நின்றேன். அந்த நேரத்திலும் என் மனசில் என்ன ஓடியது என்று சொல்லட்டுமா? அவன் தலை அவள் மடியில் இருக்கிறதே என்று ஓடியது.

முழங்காலில் ஜவ்வு கிழிந்திருந்தது. அறுவை சிகிச்சை வேண்டும், ஆறு மாதத்துக்கு மேடையை நினைக்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மலை ஊர் விழாவுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. ஒரு வாரம் கழித்துக் கிடங்கில் உட்கார்ந்து வினய் விழாக்காரர்களுக்கு, வர முடியாது என்று கடிதம் எழுதினான். எழுதும்போது கிட்டார் வாசிப்பவன் எழுந்து வெளியே போய்விட்டான். அந்தப் பையன்கள் பத்து வருஷம் கிடங்கில் வியர்வை சிந்தியது அந்த ஒரு மேடைக்காக. அதைக் கெடுத்தது ஒரு கால் என்று அவர்கள் நினைத்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்குக் கிடங்கில் சைத்ரா தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதுவும் குற்றம் சொல்லும் தோரணை இல்லை. கடந்த ஒரு வருஷமாக அவள் எடுத்த படங்களை வரிசையாகக் காட்டினாள். குதிப்பு இல்லை அவை. குதித்து இறங்கியபின் எடுத்தவை. ஒவ்வொன்றிலும் அவன் வலது கால் தரையைத் தொடுகிற இடத்தில் முகம் சுருங்கியிருந்தது. ஒன்றில் பல்லைக் கடித்திருந்தான். இன்னொன்றில் அடுத்த வரியைப் பாடவேண்டிய நேரத்தில் கண்ணை இறுக மூடியிருந்தான். அவள் வந்த சில மாதத்திலேயே இதைக் கவனித்து அவனிடம் கேட்டிருக்கிறாள். வலது முழங்கால் ரொம்ப நாளாக வலிக்கிறது, யாரிடமும் சொல்லாதே, நிகழ்ச்சி போய்விடும் என்றிருக்கிறான். அப்படியென்றால் இடது பக்கம் திரும்பிக் குதி, இடது கால் முதலில் இறங்கட்டும் என்று அவள்தான் சொல்லியிருக்கிறாள்.

மூன்று தடவை அவன் அவள் பக்கம் திரும்பியதற்குக் காரணம் இவ்வளவுதான். அன்றைக்கு மட்டும் ஏன் பழையபடி குதித்தான் என்றுதான் தனக்குப் புரியவில்லை என்று சைத்ரா சொன்னாள். எனக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

எட்டு வருஷம் அவன் குதிப்பை நான் எடுத்திருக்கிறேன், அவன் இறங்குவதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவன் மேலே போனதும் என் வேலை முடிந்தது, குனிந்து திரையைப் பார்க்கப் போய்விடுவேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அவள் அதைச் சொல்லும்போதுகூட, அடடா எவ்வளவு பெரிய தப்புச் செய்துவிட்டோம் என்று முதலில் தோன்றவில்லை எனக்கு. இதை அவள் பார்த்தாளே, நான் பார்க்கவில்லையே என்றுதான் தோன்றியது.

இதற்கிடையில் என் படம் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. பத்திரிகையில் வந்தது, பெங்களூரில் ஒரு கண்காட்சியில் நுழைவாசலிலேயே பெரிதாக மாட்டினார்கள், முன்பின் தெரியாதவர்கள் போன் செய்து பாராட்டினார்கள். அவன் கால் கட்டோடு படுத்திருக்க, அவன் பறக்கிற படத்துக்கு நான் மேடை ஏறிப் பொன்னாடை வாங்கினேன். எப்படி வாங்கினாய் என்று கேட்காதீர்கள். இரண்டு கையையும் நீட்டித்தான் வாங்கினேன்.

ஒரு மாதம் போனபிறகுதான் அவனைப் பார்க்க அவன் வாடகை வீட்டுக்குப் போனேன். பார்த்துக்கொள்ள ஹனூரிலிருந்து அவன் அம்மா வந்திருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார். கூடத்துச் சுவரில் என் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள்.

"நீங்க புடிச்ச படந்தானுங்க கண்ணு அது" என்றார். "இவன் எந்திரிச்சு நிக்கறதுக்கு எத்தன நாளாகுமோ. நானு தெனமும் அதையப் பாத்துத்தான் மனசத் தேத்திக்கறனுங்க."

அவர் காபி போட உள்ளே போனார். பிரதாப் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா அந்தப் படத்தைப் பற்றிப் பேசியபிறகும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். லைட்டுக்காரர் எதுவும் சொல்லவில்லை, நானாகச் சொன்ன பொய் அது, அவள் பக்கம் நீ குதித்தது எனக்குப் பொறுக்கவில்லை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுகையும் வந்துவிட்டது. கத்துவான், வெளியே போ என்பான் என்று எதிர்பார்த்தேன். உண்மையில் அப்படிச் செய்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"எனக்குத் தெரியுமுங்க்கா" என்றான். "நீங்க சொல்லீட்டுப் போனதும் நான் லைட்டுக்காரர்கிட்டப் போய்க் கேட்டனுங்க. ரெண்டு பக்கமும் நல்லாத்தான் இருக்குதுன்னாரு."

தெரிந்தும் ஏன் குதித்தாய் என்று கேட்டேன்.

"அக்கா பொய் சொல்லிக் கேக்கற அளவுக்கு அது வேணுமாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். ஒருக்காத்தானே, குதிச்சுப்போடலாம்னு குதிச்சேன்."

அவன் அம்மா காபியோடு வந்தார். நாங்கள் இருவரும் காபி குடித்தோம். மஞ்சள் விலையைப் பற்றி அவர் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். பிரதாப் இதை யாரிடமும், குழுவில் இருந்தவர்களிடம்கூடச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நீங்கள் இதிலிருந்து எதையாவது எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால், எடுத்ததும் குனியாதீர்கள் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். படம் எங்கேயும் ஓடிவிடாது. முன்னால் இருக்கிற ஆளைப் பாருங்கள். உங்களுக்குப் பிடித்த ஆள் வேறு பக்கம் திரும்பினால் ஏன் என்று அவரிடமே கேளுங்கள், நீங்களாகக் கதை கட்டாதீர்கள். பொறாமைப்படாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அது என்னால் முடியாத காரியம், உங்களுக்கு எந்த வாயால் சொல்வது? பொறாமைப்பட்டால் அன்றைக்கு வாயைத் திறக்காமல் இருங்கள், அது போதும்.

மறுவருஷம் அதே விழாவுக்கு மறுபடி அழைப்பு வந்தது. பிரதாப் நடந்தான், கொஞ்சம் சாய்ந்து நடந்தான், ஆனால் நின்றால் முன்போலத்தான் இருந்தான். மறுபடியும் ஒரே ஒரு புகைப்படக்காரர். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போதும் எனக்கு ஆசை இருந்தது. என் படம்தான் அந்தக் குழுவின் அடையாளமாக இருந்தது, விழாக்காரர்களே அழைப்பிதழில் அதைத்தான் அச்சிட்டிருந்தார்கள். அதனால் என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று நினைத்து, அந்த மலை ஊருக்குப் போட்டுப்போகக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர்கூட வாங்கி வைத்துவிட்டேன்.

யாரை அழைத்துப்போவது என்று சொல்ல பிரதாப்தான் என் வீட்டுக்கு வந்தான், வினய்யை அனுப்பவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தான். சைத்ராவை அழைத்துப்போவதாகச் சொன்னான். என் மேல் கோபமா என்று கேட்டேன்.

"கோவமெல்லாம் இல்லீங்க்கா. நீங்க முன்னாடி நின்னீங்கன்னா என்னால குதிக்காம இருக்க முடியாது. இன்னொருக்கா குதிச்சேன்னா இந்தக் கால் தாங்காது."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து ஸ்வெட்டரை அலமாரிக்குள் திணித்தேன். அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை.

அவர்கள் போய்வந்த மறுவாரம் சைத்ரா படங்களை எனக்கு அனுப்பினாள். எங்கே தப்பு அக்கா என்று வழக்கம்போலக் கேட்டிருந்தாள். நான் ஒவ்வொன்றையும் பெரிதாக்கி ஓரம் ஓரமாகக் குறை தேடினேன். நாற்பது படத்துக்கு மேல் இருந்தன. ஒன்றிலும் கிடைக்கவில்லை. ஒன்றிலும் அவன் குதிக்கவுமில்லை. பின்னால் மலையும் மூடுபனியும் இருக்க, இரண்டு காலையும் தரையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, யாருக்காகவும் இல்லாமல் பாடிக்கொண்டிருந்தான். எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருஷத்தில் என் கேமராவுக்கு முன்னால் அவன் ஒரு தடவைகூட அப்படிச் சும்மா நின்றதில்லை.